பொன்னகரத்தின் விலை: இலட்சிய சமூகப் புனைவும் திருவள்ளூர் மண்ணும்

குறையொன்றுமில்லாத நாட்டைக் கதையில் கட்டியெழுப்பும் வழக்கம் பழையது. அந்த நிறைவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வி மிகவும் பிந்தி வந்தது. இதை ஆராய்பவர்கள் பெரும்பாலும் அர்சுலா லெ குவின் 1973இல் வெளியிட்ட ஓமலாஸ் என்ற நகரத்தின் கதையிலிருந்து தொடங்குவார்கள். அந்நகரத்தின் இன்பமெல்லாம் நிலவறையில் அடைபட்ட ஒரு குழந்தையின் துன்பத்தில் நிற்கிறது. ஊருக்கே அது தெரியும். மனம் பொறுக்காத சிலர் மட்டும் ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள். 1880இல் தஸ்தயேவ்ஸ்கியும் 1891இல் வில்லியம் ஜேம்ஸும் எழுப்பிய கேள்விதான் இங்கே கதையாகியிருக்கிறது. தமிழ்ப் புனைவு இதே இடத்துக்கு முப்பது ஆண்டுகள் முன்பே, வேறொரு வழியில் வந்து சேர்ந்துவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தாமஸ் மூரின் யுட்டோப்பியா 1516இல் வந்தது. பொன்னாசை இல்லாத அந்தத் தீவில் அடிமைகள் உண்டு. விலங்குகளை வெட்டும் வேலை அவர்களுடையது. வெட்டிப் பழகினால் குடிமக்களின் இரக்கம் மரத்துப்போகும் என்பது மூர் சொல்லும் காரணம். இரக்கத்தைக் காப்பாற்றவே அடிமை தேவைப்பட்ட சமூகம் அது. அந்நூல் வந்து நூறாண்டு ஆவதற்குள், 1613இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சங்களில் விலைபோன தமிழரும் தெலுங்கரும் இக்கரையிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் தன் பொற்காலம் என்று கொண்டாடும் நூற்றாண்டும் அதுதான்.

நம் காவிய மரபில் கம்பன் காட்டும் கோசலத்தில் ஏற்பவர் இல்லாததால் ஈகைக்கே இடமில்லை. அங்கே விலை என்ற பேச்சு எழவில்லை. 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வங்க எழுத்தாளர் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' பெண்கள் ஆளும் அமைதியான நாட்டைக் காட்டுகிறது. அங்கே அடைபட்டவர்கள் ஆண்கள். நிஜத்தில் பெண் கொடுத்துவந்த விலையைக் கதை ஆணின் கணக்கில் எழுதிக்காட்டியது.

திருப்பம் புதுமைப்பித்தனிடம் நிகழ்கிறது. 1934இல் மணிக்கொடி இதழில் வந்த 'பொன்னகரம்' கதையில் ஆலைத் தொழிலாளி அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி கொடுக்க வழியின்றி, இருட்டுச் சந்தில் தன்னை விற்று முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். ஓமலாஸின் குழந்தையைப் போல அவள் பூட்டிய அறையில் இல்லை. தெருவில் நிற்கிறாள், எல்லார் கண்ணிலும் படுகிறாள். இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மறைத்துவைக்க வேண்டிய அவசியமே இங்கே இருக்கவில்லை.

1943இல் வந்த 'சாப விமோசன'த்தில் அவர் இராமராச்சியத்தையே எடுத்துக்கொள்கிறார். இராமன் பாதம் பட்டுக் கல்லிலிருந்து மீண்ட அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவனும் அதே இராமன்தான் என்பதைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள். தனக்கொரு நீதி, அவனுக்கொரு நீதியா என்ற கேள்வி அவளை மறுபடியும் கல்லாக்குகிறது. அவளை இழந்த கணவன் கோதமன் துறவியாகிப் பனிமலையில் ஏறிப் போகிறான். ஊரைவிட்டு வெளியேறும் மனிதன் லெ குவினுக்கு முன்பே தமிழில் நடந்துவிட்டான். ஆனால் தமிழில் தீர்ப்பைச் சொன்னது அவனல்ல, கல்லான பெண். விலை கொடுத்தவளே நீதி கேட்பது நம் கதையின் தனி வலிமை.

நிறைவின் விலையைக் காட்டும் வழக்கம் பின்னால் அறிவியல் புனைவிலும் தொடர்ந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி எல்லா ஒழுங்கையும் தருகிறது. பிள்ளை பெறக்கூட அங்கே அரசின் அனுமதி வேண்டும்.

இனி திருவள்ளூருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில் உலையருகே நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். சென்னையின் அடுக்குமாடிகளுக்குக் கல் அனுப்பும், சேம்பர் எனப்படும் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் கல் அறுக்கின்றன. கூலி தலைக்கு இவ்வளவு என்றில்லை, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. அதனால் பிள்ளைகளின் கையும் கணக்கில் சேர்கிறது. வெயிலில் காயும் பச்சைக்கல்லைத் திருப்பிப்போடுவது சூளைகளில் பெரும்பாலும் சிறுவர் வேலை. இடிந்துபோகாமல் கல்வரிசை மேல் நடக்க அவர்கள் எடையே தோது. நெல் ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்தில் சிக்கியவர்களில் இருளர்கள் அதிகம்.

லெ குவின் போட்ட நிபந்தனை இங்கேதான் உடைகிறது. அவர் கதையில் குழந்தையை விடுவித்தால் நகரத்தின் இன்பம் அன்றே அழியும். இங்கேயோ, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி சூளைக் குடும்பத்தின் முன்பணக் கடன் செல்லாது; கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழில் கையெழுத்திட்டால் அந்தக் குடும்பம் விடுதலை பெறுகிறது. அதனால் சென்னையில் ஒரு சுவரும் இடிவதில்லை. கல்லின் விலை கொஞ்சம் ஏறலாம், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் விலையை வீடு வாங்குபவர் கொடுக்கட்டும்.