மூன்று வரிக்கு மேலே

லினக்ஸ் வரலாறு என்றால் நமக்குச் சொல்லப்படுவது எப்போதும் ஒரே கதைதான். 1991 ஆகஸ்ட், ஹெல்சின்கி, லினஸ் டோர்வால்ட்ஸ் என்றொரு மாணவர், பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்த ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். அப்புறம் நேராக ஆண்ட்ராய்டுக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் வருஷக்கணக்காக யாரோ அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது கதையில் வராது. 2018, 2019-இல் நடந்த அப்படியொரு துப்புரவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்க சிங்காரப்பேட்டையிலிருந்து ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைகளில் சாஃப்ட்வேர் பக்கம் போகிறவர்களுக்கு முதலில் கையில் கிடைப்பதும் பெரும்பாலும் இந்த வேலைதான்: புதுசா ஒண்ணும் எழுத வேணாம், இருக்கிறதைச் சுத்தம் பண்ணு. சின்ன வேலை என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருவோம். உங்கள் கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும் மெமரி முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையில் கெர்னல் அதைப் பக்கம் பக்கமாக, பெரும்பாலும் 4096 பைட் அளவில், கேட்கும்போது மட்டும் எடுத்துத் தருகிறது. நிரல் தொட்ட இடத்தில் பக்கம் இல்லையென்றால் அது பேஜ் ஃபால்ட். அந்த இடம் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கோ கேமராவுக்கோ உரியது என்றால், கெர்னல் அதன் டிரைவரைக் கூப்பிட்டு "நீயே பார்த்துக்கோ" என்று விட்டுவிடும். டிரைவர் வேலையை முடித்து ஒரு எண்ணைத் திருப்பித் தரவேண்டும்.

குழப்பம் அந்த எண்ணில்தான் இருந்தது. பேஜ் ஃபால்ட்டுக்கென்று தனிக் குறியீடுகள் உண்டு. ஆனால் டிரைவர்கள் உதவிக்கு அழைக்கும் கெர்னல் ஃபங்ஷன்களோ வழக்கமான பிழை எண்களைத் தந்தன. டிரைவர் எழுதியவர் அதை மொழிபெயர்த்துத் தரவேண்டும். சிலர் மறந்தார்கள். இரண்டுமே சாதாரண முழு எண்தான் என்பதால் சி கம்பைலர் வாயே திறக்கவில்லை.

2018-இல் சௌப்திக் ஜோர்தார் என்ற டெவலப்பர் இதற்கொரு புது டைப்பைக் கொண்டுவந்தார். பெயர் விஎம் ஃபால்ட் டி. மேத்யூ வில்காக்ஸ் போன்ற மூத்தவர்களும் இந்த வேலையில் கூட இருந்தார்கள். அந்த ஜூனில் வந்த 4.17-இல் அது நுழைந்தபோது வெறும் புனைபெயர்தான், உள்ளே அதே பழைய முழு எண். பிறகு டிரைவர் டிரைவராக, ஃபைல் சிஸ்டம் ஃபைல் சிஸ்டமாக மாற்றினார்கள். எல்லாம் மாறி முடிந்த பிறகுதான், 2019 மே மாதம் வந்த 5.1-இல், அதை உண்மையிலேயே வேறொரு டைப்பாக ஆக்கினார்கள். அதன்பிறகு தப்பான எண்ணைத் தந்தால் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பொறுமை. முதல் நாளே கதவைப் பூட்டியிருந்தால் பாதி கெர்னல் வெளியே நின்றிருக்கும்.

இந்த வெற்றியின் கையோடு வந்ததுதான் அடுத்த துப்புரவு. பல டிரைவர்கள் ஒரே மாதிரி ஒரு லூப் போட்டு, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பயனரின் மெமரியில் செருகிக்கொண்டிருந்தன. வரம்பை சரிபார்ப்பதில் ஆளுக்கொரு வழி. சிலர் சரிபார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனாக்கலாமே? 2018 கடைசியில் விஎம் இன்செர்ட் ரேஞ்ச் என்ற பெயரில் பேட்ச் வந்தது. ரிவ்யூவில் அடிபட்டு, பெயர் மாறி, விஎம் மேப் பேஜஸ் என்று 2019 ஜூலையில் 5.2-இல் வெளியானது. கூடவே ஒரு தங்கையும் உண்டு: விஎம் மேப் பேஜஸ் ஜீரோ. அக்கா ஆஃப்செட்டை மதிப்பாள், அதாவது "ஐந்திலிருந்து" என்றால் ஐந்தாவது பக்கத்திலிருந்து தருவாள். தங்கை அதைக் கண்டுகொள்ளாமல் எப்போதும் பூஜ்யத்திலிருந்து தருவாள்.

மாற்றப்பட்ட டிரைவர்களில் ஒன்று ஸென்னின் ஜிஎன்ட்டெவ். ஸென்னில் ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள் ஓடும். ஒன்று கடன் கொடுத்த பக்கங்களை இன்னொன்றில் ஓடும் நிரல்கள் வாங்கிப் பயன்படுத்த வழி செய்வது இந்த டிரைவர். பழைய லூப்பை எடுத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டது புது பேட்ச். படித்தால் தப்பே தெரியாது. ரிவ்யூ பண்ணியதற்கான கையொப்பமும் இருந்தது.

ஆனால் ஜிஎன்ட்டெவ்வில் ஆஃப்செட் என்பது தூரமே இல்லை. அது டோக்கன். திருவண்ணாமலை கோயில் வாசலில் பையைக் கொடுத்துவிட்டு 5-ஆம் நம்பர் டோக்கன் வாங்குகிறீர்கள். திரும்பி வந்து நீட்டினால் உங்கள் பையை எடுத்து முழுசாகத் தரவேண்டும். புதுசாக வந்த ஆளோ உங்கள் பையைச் சரியாகத்தான் எடுக்கிறார், ஆனால் அதைத் திறந்து "உள்ள அஞ்சு பொருளைத் தள்ளிட்டு மிச்சத்தைத்தானே கேக்கறீங்க?" என்கிறார். உள்ளே இருப்பதே ரெண்டு பொருள். "அவ்வளவு இல்லீங்க" என்று கையை விரித்துவிடுகிறார். புது ஃபங்ஷன் செய்தது அச்சு அசல் இதைத்தான். இதில் விசேஷம், முதல் ஆளின் டோக்கன் பூஜ்யம். ஒரே ஒரு கடனை வைத்துச் சோதித்தால் எல்லாம் அழகாக ஓடும். ஒரே இணைப்பில் இரண்டாவது கடன் வாங்கினால்தான் உடையும்.

ரிவ்யூவில் ஏன் தெரியவில்லை? என் கணிப்பு இது. பேட்ச் என்பது மாறிய வரிகளையும், அவற்றுக்கு மேலேயும் கீழேயும் வழக்கமாக மூன்று மூன்று வரிகளையும் மட்டுமே காட்டும். ஆஃப்செட்டை டோக்கனாக எடுத்துக்கொள்ளும் வரி அதே ஃபங்ஷனின் தலைப்பகுதியில் இருந்தது. லூப்போ கடைசியில். பேட்சை மட்டும் படித்தவர் கண்ணில் அந்த வரி படவே வழியில்லை. பழைய லூப் ஆஃப்செட்டைத் தொடாமல் விட்டதைப் பார்த்தால் சோம்பேறித்தனம் போலத்தான் இருக்கும். மேலே போய்ப் படித்தால்தான் அதற்குக் காரணம் உண்டென்று தெரியும்.

க்யூப்ஸ் ஓஎஸ்ஸின் மாரெக் மார்சிகோவ்ஸ்கி-குரெட்ஸ்கி இந்த உடைசலைப் பிடித்துச் சொன்னார். 5.2 வந்த ஒரு மாதத்துக்குள், அதே ஜூலை முடிவதற்குள், திருத்தம் தயார். அக்காவை எடுத்துவிட்டுத் தங்கையைப் போட்டார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அந்தத் தங்கை இப்படிப்பட்ட டிரைவர்களுக்காகவே, அக்காவோடு அதே நாளில் பிறந்தவள். திருத்தம் 5.2-இன் ஸ்டேபிள் வரிசைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த ஃபங்ஷனைத் திறந்து பார்த்தால் தலையில் டோக்கன் வரி, வாலில் ஜீரோ.