கல்லறைக் கம்பெனி

1830-களின் லண்டனில் செத்தவருக்கு ஆறடி மண் கிடைப்பது குதிரைக்கொம்பு. தேவாலய வளாகங்களில் பழைய பிணத்தின் மேல் புதுப் பிணம் ஏறியது. குழி வெட்டினால் மண்ணோடு எலும்பும் வந்தது. போதாததற்குக் காலரா வேறு. ஊருக்கு வெளியே இடுகாடு நடத்தத் தனியார் கம்பெனிகளுக்கு நாடாளுமன்றம் வழிவிட்டது. அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர், ஊரே கேலி செய்த மனிதர்.

கட்டடக் கலைஞரான அந்த ஸ்டீபன் கியரி, மன்னர் நான்காம் ஜார்ஜுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம்தான் கேலிக்குக் காரணம். அதன் அடிப்பகுதியில் முதலில் போலீஸ் சாவடி இருந்தது, பிறகு பீர்க்கடை வந்தது. (1845-ல் அதை இடித்தே விட்டார்கள், அந்த வட்டாரத்துக்குக் கிங்ஸ் கிராஸ் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.) இப்படிப்பட்டவர் 1836-ல் இடுகாட்டுக் கம்பெனி தொடங்கினார். நகரின் வடக்கு மேட்டில், பழைய மாளிகைத் தோட்டம் 17 ஏக்கர், 3,500 பவுண்டுக்குக் கிடைத்தது. அங்கே ஒரு கிழட்டு லெபனான் கேதுரு குறுக்கே நின்றது.

வியாபாரக் கணக்குப்படி வெட்டியிருக்க வேண்டிய மரம். வெட்டவில்லை. அதைச் சுற்றி மண்ணைத் தோண்டி, வட்டமாகக் கல்லறை அறைகள் கட்டினார்கள். பெரிய தொட்டியில் வைத்த செடிபோல மரம் நடுவே நின்றது. அங்கே போகும் வழிக்கு எகிப்திய பாணியில் வாசல். 1839 மே மாதம் லண்டன் பிஷப் வந்து மந்திரித்தார். பணக்காரக் குடும்பங்கள் இடம் வாங்கின. 1854-ல் கியரியும் அங்கேயே அடக்கமானார். இடம் போதாமல், சாலைக்கு அந்தப் பக்கம் 20 ஏக்கர் சேர்த்தார்கள். சிற்றாலயமோ இந்தப் பக்கம். ஜெபம் முடிந்த பெட்டியைப் பொதுச்சாலையில் தூக்கிக்கொண்டு போவதா?

அதற்கும் வழி இருந்தது. ஆலயத் தரையிலிருந்து பெட்டி நீரழுத்த லிஃப்டில் கீழே இறங்கியது. சாலைக்கு அடியில் சுரங்கம் வழியாக மறுபக்கம் போனது. அந்த மறுபக்கத்தில்தான் 1883-ல் ஒரு ஜெர்மானியரைப் புதைத்தார்கள். வந்தவர்கள் பத்துப் பதினொரு பேர். அவர் கார்ல் மார்க்ஸ். இடம், ஹைகேட் இடுகாடு.

கம்பெனி 1960-ல் நொடித்துப்போனது. 1975-ல் பழைய மேற்குப் பகுதியின் கதவையே பூட்டினார்கள், காடு மண்டியது. அதே ஆண்டு உருவான ஆர்வலர் அமைப்பு அதை மீட்டெடுத்தது. முதலாளித்துவத்தைச் சாடியவரின் கல்லறையைப் பார்க்க இன்று கட்டணம் உண்டு. பராமரிப்புச் செலவுக்கு அந்தப் பணமும் வேண்டியிருக்கிறது.