அமைப்பின் பாவமும் ஆளின் பொறுப்பும்: 1845, 1847 ஆகிய ஆண்டுகள் விருதுநகர் வட்டாரத்திற்குக் கற்பிப்பவை

தென்தமிழகத்தில் அமெரிக்க அருட்பணியின் வரலாற்றைக் கற்போர் 1847-ஆம் ஆண்டைத் தவறாது குறிப்பிடுவர். சாதியைக் கைவிடாத எவரும் திருச்சபையின் உறுப்பினராக நீடித்தல் இயலாது என மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனெரிகள் தீர்மானித்த ஆண்டு அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், இவர்களை அனுப்பிய சங்கம் அடிமை முறையைக் குறித்துத் தன் சொந்த நாட்டில் எடுத்த முடிவு அந்த அளவிற்கு நினைவுகூரப்படுவதில்லை. இவ்விரு முடிவுகளையும் ஒருங்கே வைத்து நோக்குவது, பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் ஊழியம் செய்யும் நமக்குப் பயனுள்ளதாகும்.

அமெரிக்கன் போர்டு எனப்பட்ட அச்சங்கம் 1810-இல் தோன்றியது. 1816-இல் யாழ்ப்பாணத்திலும், அங்கிருந்து 1834-இல் மதுரையிலும் அது பணி தொடங்கியது. பசுமலையில் செமினரி நிறுவப்பட்டது. இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள மண்டபசாலை அதன் பணித்தளங்களுள் ஒன்றாயிற்று. இதே சங்கம் அமெரிக்காவில் செரோக்கி, சாக்டா என்னும் பழங்குடி மக்களிடையேயும் சபைகளை நிறுவியிருந்தது. அச்சபைகளின் உறுப்பினருள் சிலர் கறுப்பின அடிமைகளை உடைமையாக வைத்திருந்தனர். அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் 1833-இல் நிறுவப்பட்டபின், அடிமைகளை வைத்திருப்போரைத் திருவிருந்தில் சேர்த்தல் தகுமோ என்னும் கேள்வி நாளுக்குநாள் வலுப்பெற்றது.

1845-இல் புரூக்ளினில் கூடிய ஆண்டுக் கூட்டம் இக்கேள்விக்கு விடையளித்தது. அடிமை முறை தீயதே என்று போர்டு ஒப்புக்கொண்டது. ஆயினும் அடிமைகளை உடையவர் என்னும் ஒரே காரணத்திற்காக ஒருவரைச் சபைக்குப் புறம்பாக்க மறுத்தது. இதற்கு ஆதரவாக எட்வர்ட் பீச்சர் என்னும் போதகர் ஓர் இறையியல் வாதத்தை முன்வைத்தார். அடிமை முறை சட்டத்திலும் சமுதாயக் கட்டமைப்பிலும் ஊறிப்போன பாவம், அதாவது அமைப்புப் பாவம். ஆகவே அவ்வமைப்பினுள் வாழும் தனிமனிதர் ஒவ்வொருவரையும் அப்பாவத்திற்காகக் குற்றவாளி எனத் தீர்ப்பது முறையன்று என்பதே அவ்வாதத்தின் சாரம். இதனை ஏற்காதோர் 1846-இல் அமெரிக்க மிஷனெரி அசோசியேஷன் என்னும் தனிச் சங்கத்தை அமைத்தனர். போர்டோ 1859-இல் சாக்டா மிஷனோடும் 1860-இல் செரோக்கி மிஷனோடும் தன் தொடர்பை முடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது.

இனி மதுரைக்கு வருவோம். 1833-இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபையினின்று உடனடியாக அகற்றப்படவேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்திருந்தார். தஞ்சைச் சபைகளில் அது பெருங்குழப்பத்தை விளைவித்தது. மதுரை மிஷனெரிகள் 1847-இல் அதே வழியைப் பின்பற்றினர். பிற சாதியார் சமைத்த உணவைச் சேர்ந்து உண்ணுதல், சாதியைத் துறந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இதற்கு இணங்காத உபதேசிமார் பலர் பணியை இழந்தனர். பசுமலை செமினரியினின்று மாணவர் பலர் வெளியேறினர். இணங்கியோரும் தம் உற்றார் உறவினரிடம் பெரும் விலை கொடுத்தே இணங்கினர்.

ஒரே சங்கம், இரண்டு ஆண்டு இடைவெளி. அமெரிக்காவில் அடிமை முறை அமைப்பின் பாவமாயிற்று; ஆகவே பொறுமை காட்டப்பட்டது. மதுரையில் சாதி ஆளின் பாவமாயிற்று. ஆகவே அன்றே துறக்கும்படி கேட்கப்பட்டது. செல்வரும் நன்கொடையாளரும் நிறைந்த தாய்ச் சபைக்கு ஓர் அளவுகோல். ஊதியத்திற்கு மிஷனைச் சார்ந்திருந்த உபதேசியாருக்கு வேறோர் அளவுகோல். 1847-இன் தீர்மானம் தவறு என்று இதனால் முடிவு செய்தல் கூடாது. அது தேவையான தீர்மானமே. எனினும் ஒருவேளை உணவோடு சாதி ஒழியவில்லை. திருமணத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் அது நிலைத்து நின்றதை நாம் அறிவோம். அமைப்பைக் காணாத சீர்திருத்தம் அரைகுறையாய் நின்றது. ஆளைக் காணாத இறையியலோ தொடங்கவே இல்லை.

எவரும் அமைப்பிற்கு வெளியே இல்லை என்பதற்கு விருதுநகரே சான்று. போர் நடந்த 1861 முதல் 1865 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களின் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. அடிமைகள் பறித்த பருத்தி லங்காஷயர் ஆலைகளை எட்டவில்லை. ஆலை முதலாளிகள் இந்தியப் பருத்தியை நாடவே, கரிசல் நிலத்தின் பருத்திக்கு முன்னெப்போதும் இல்லாத விலை கிடைத்தது. அன்று விருதுபட்டி எனப்பட்ட இவ்வூரின் வணிகமும், தூத்துக்குடித் துறைமுகத்தின் ஏற்றுமதியும் பெருகின. போர் முடிந்து 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தபோது, இங்கே விலையும் சரிந்தது. கடலுக்கு அப்பால் நடந்த ஒரு விடுதலைப் போராட்டத்தின் இலாபமும் நட்டமும் நம் ஊர்க் கணக்கேடுகளில் பதிவாயின.

அமைப்புப் பாவம் என்னும் கருத்து நெடுங்காலம் சாக்காகவே இருந்துவிடவில்லை. 1917-இல் வால்ட்டர் ராஷன்புஷ் தம் சமூக நற்செய்தி இறையியலில், பாவம் நிறுவனங்களில் குடிகொண்டு தலைமுறைகளைப் பற்றுகிறது என்று வாதிட்டபோது, அதே கருத்து குற்றச்சாட்டாக மாறியது. அக்காலத்தில் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவர் உழைத்தனர். அதனைத் தடுக்க 1916-இல் இயற்றப்பட்ட சட்டத்தை 1918-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1938-இலேதான் நிலையான சட்டம் ஏற்பட்டது.

சிவகாசி, சி.எம்.எஸ். மிஷனெரியாகிய ராக்லாண்டு 1858-இல் உயிர்நீத்த ஊர். 1923-இல் அங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பட்டாசும் அச்சும் தொடர்ந்தன. மழை பொய்த்த பூமிக்கு அத்தொழில் சோறிட்டது. அதே தொழில் சிறுவரின் விரல்களையும் விலைக்கு வாங்கியது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் சிறுவரை அமர்த்துவதைத் தடைசெய்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறுவருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆலைகளில் சிறுவர் உழைப்பு பெரிதும் குறைந்துள்ளது. வெடிவிபத்துகள் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் எழும் விளக்கங்களைக் கேட்போர்க்கு 1845-இன் குரல் கேட்கும். உரிமம் பெற்றவர் உள்குத்தகைக்கு விட்டதாகச் சொல்வார். குத்தகைக்கு எடுத்தவர் தீபாவளி நெருக்கடியைச் சொல்வார். போர்மேன் மேலிடத்து உத்தரவைச் சொல்வார். வணிகர் சந்தையைச் சொல்வார். வாங்கிக் கொளுத்தும் நாம் எதுவும் சொல்வதில்லை. எல்லாரும் சொல்வது உண்மையாக இருக்கக்கூடும். ஆயினும் இறந்தவரின் பிள்ளைகளுக்கு முன் எவரும் பொறுப்பாளராக நிற்பதில்லை. நம் சபைகளில் முதலாளியும் உண்டு, மருந்து செலுத்தும் கைகளும் உண்டு. இருவரும் ஒரே பந்தியில் அப்பம் பெறுகின்றனர்.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. கடனுக்காகத் தம் பிள்ளைகளை அடிமைகளாக்க நேர்ந்த ஏழைகளின் கூக்குரலைக் கேட்ட நெகேமியா, பிரபுக்களைக் கடிந்துகொள்கிறார். அத்தோடு நில்லாமல், தாமும் தம் சகோதரரும் ஊழியரும் கடன் கொடுத்தவர் வரிசையில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, வட்டியைக் கைவிட எல்லாரையும் தம்மோடு சேர்த்து அழைக்கிறார். வட்டி என்னும் அமைப்பையும் அதில் தம் பங்கையும் அவர் பிரிக்கவில்லை. நிலமும் வீடும் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

இவ்வட்டாரத்தின் ஆயர், விபத்து நேர்ந்த பின் அடக்க ஆராதனை நடத்துவதோடு தம் பணி முடிந்ததாகக் கருதலாகாது. தம் சபையார் எந்த ஆலையில், எவருடைய உரிமத்தின்கீழ், எத்தகைய காப்பீட்டோடு உழைக்கின்றனர் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். உள்குத்தகை விடும் உறுப்பினரிடம் திருவிருந்துக்கு முன் தனித்துப் பேசும் துணிவு வேண்டும். சபையும் தன் கிறிஸ்மஸ் பட்டாசுக் கணக்கை அவ்வமயமே எடுத்து நோக்கட்டும். 1847-இல் எளிய உபதேசியாரிடம் கேட்கப்பட்ட விலையை, இன்று வசதியுள்ளோரிடமும் நம்மிடமும் கேட்பதே அத்தீர்மானத்திற்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.