இதழியல் முதுநிலைப் படிப்பு: காவிரிப் படுகையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குச் செய்தி திரட்டல், எழுத்து, பிரதி திருத்தம், ஊடகச் சட்டம், ஊடக ஆய்வு ஆகியவற்றைக் கற்பிப்பது இதழியல் முதுநிலைப் படிப்பு. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு வாசல்கள். பல்கலைக்கழகங்களும் அவற்றின் இணைவுக் கல்லூரிகளும் ஈராண்டு முதுகலைப் பட்டம் தருகின்றன. தனி நிறுவனங்கள் தாமாகப் பட்டம் வழங்க 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் இடம் தருவதில்லை. எனவே அவை ஏறக்குறைய ஓராண்டில் முடியும் முதுநிலைப் பட்டயம் தருகின்றன. கல்லூரியில் பாடம் நடத்த விரும்புகிறவருக்குப் பட்டம் வேண்டும். செய்தி அறைக்குப் போகிறவரிடம் அந்த வேறுபாட்டை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடையில் உள்ள குடவாசல் போன்ற வட்டத் தலைநகரிலிருந்து பார்க்கும்போது முதன்மையான கேள்வி வேறு. இப்படிப்பு நன்றாக எழுதக் கற்றுத் தருகிறதா என்பதை விட, பிறர் சொல்வதைச் சோதித்துப் பார்க்கக் கற்றுத் தருகிறதா என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. அந்தச் சோதனைக்கு நெல் விளையும் ஒரு வட்டத்தைப் போலப் பொருத்தமான பயிற்சிக் களம் கிடைப்பது அரிது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மிசௌரியில் 1908இல் இதழியல் பள்ளி தொடங்கியது. ஜோசப் புலிட்சர் விட்டுச் சென்ற கொடையால் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912இல் இன்னொன்று தொடங்கி, 1935இல் முதுநிலைக்கு மட்டும் உரியதாக மாறியது. இந்தியாவில் அன்னி பெசன்ட் 1920இல் அடையாற்றில் தொடங்கிய வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1947இலும் இத்துறைக்குள் வந்தன. பெங்களூரில் 1994இல் பிறந்த ஆசிய இதழியல் கல்லூரி 2000இல் சென்னைக்கு இடம் மாறியது. தமிழ்நாடு அரசு 2025இல் சென்னை கோட்டூர்புரத்தில் தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம், தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுநிலைப் பட்டயம் தருகிறது. காவிரிப் படுகைக்கு அருகில் இருப்பது, 2009இல் நிறுவப்பட்டு நீலக்குடியில் வளாகம் கொண்டுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். அதன் ஊடகம் மற்றும் தொடர்பியல் துறையில் முதுகலைப் படிப்பு உண்டு. சேர்க்கை தேசிய நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது, பயிற்றுமொழி ஆங்கிலம்.

குடவாசல் வட்டத்தில் ஒரு குறுவைப் பருவத்துச் செய்தியை எழுத என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுகிறது. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நாளிதழ்கள் திறப்பைக் கன அடியில் எழுதுகின்றன, இருப்பை டி.எம்.சி.யில் எழுதுகின்றன. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. என்ற கணக்கை அறியாத நிருபரால், அணையில் உள்ள நீர் அறுவடை வரை தாங்குமா என்று கேட்க முடியாது. அதிகாரி தரும் குறிப்பை அப்படியே அனுப்பத்தான் முடியும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் கர்நாடகம் விட வேண்டிய நீரை 192 டி.எம்.சி. என்று வைத்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10, தமிழ்நாட்டுப் படுகையின் நிலத்தடி நீரைக் காரணமாகக் காட்டிக் குறைக்கப்பட்டது. ஆழ்குழாய்க் கிணறு இல்லாத குறு விவசாயிக்கு அந்த நிலத்தடி நீரால் என்ன பயன் என்று கடைமடையில் நின்று கேட்க வேண்டுமானால், தீர்ப்பை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். அறுவடைக்குப் பிறகும் இதே நிலைதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழை ஆண்டுகளில் மத்திய அரசின் அனுமதியோடு அது தளர்த்தப்படுகிறது. நெல்லை எடுக்கவில்லை என்ற புகாரில் ஈரப்பதம் உண்மையான காரணமா, வெறும் சாக்குப்போக்கா, சாக்குப்பைத் தட்டுப்பாடா என்பதை அளவுக் கருவியையும் பதிவேட்டையும் பார்த்தால்தான் சொல்ல முடியும். பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு இழப்பீடு பெரும்பாலும் வருவாய்க் கிராம அளவில், அறுவடைப் பரிசோதனையின் சராசரி விளைச்சலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தனி வயலின் நிலையைப் பார்த்து அல்ல. பக்கத்துக் கிராமத்துக்கு வந்தது எங்களுக்கு வரவில்லையே என்ற ஆண்டுதோறும் எழும் குரலுக்குப் பின்னால் இந்த விதி இருக்கிறது. அடங்கலையும் பரிசோதனை விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கும் முறையை வகுப்பறையில் சொல்லித் தர முடியும். தேநீர்க் கடைப் பேச்சில் அது கிடைப்பதில்லை.

இப்படிப்பு தேவை என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அது இந்த மண்ணிலிருந்தே வருகிறது. திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியராக இருந்து 1878இல் தி இந்துவையும் 1882இல் சுதேசமித்திரனையும் தொடங்கியவர்களுள் முதன்மையானவர். திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்த எஸ். எஸ். வாசன், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்கி, திருவாரூரில் 1942இல் முரசொலியைத் தொடங்கிய மு. கருணாநிதி ஆகியோரில் எவரும் இதழியல் பட்டம் பெற்றவர் அல்லர். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணியைப் பற்றி ஆழமாக எழுதிய மைதிலி சிவராமனும் இதழியல் படித்தவர் அல்லர். ஆனால் அவரை முன்னுதாரணமாகக் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் பயின்று, ஐக்கிய நாடுகள் சபையில் ஆய்வு உதவியாளராகப் பணிபுரிந்து திரும்பியவர். நிலவுடைமையையும் கூலியையும் புள்ளிவிவரத்தோடு பார்க்கும் பயிற்சி அவருக்கு வேறு வழியில் வாய்த்தது. அவரோடு ராடிகல் ரெவ்யூ இதழை நடத்திய என். ராம் கொலம்பியாவின் இதழியல் பள்ளியில் பயின்றவர். ஆக, பட்டம் இல்லாமலும் அந்தப் பயிற்சி கிடைக்கும் என்பதைத்தான் இந்த எடுத்துக்காட்டுகள் நிறுவுகின்றன. அந்தப் பயிற்சியே தேவையில்லை என்பதை அல்ல. நியூயார்க் போக வாய்ப்பில்லாத குடவாசல் பட்டதாரிக்கு அது எங்கே கிடைக்கும் என்பதற்கு மறுப்பாளர்களிடம் பதில் இல்லை.

செய்தி அறையே பள்ளி என்பது இரண்டாவது மறுப்பு. ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பலரை உருவாக்கியது உண்மை. ஆனால் அது தேர்ந்த ஆசிரியர் குழு மாணவரின் பிரதியை உட்கார்ந்து திருத்திய சூழல். வட்ட அளவிலான பகுதிநேர நிருபருக்கு அப்படி ஒரு திருத்துநர் இல்லை; பல இடங்களில் அவர் விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் தருகிற அரிசி ஆலையைப் பற்றிக் கேள்வி எழுப்ப அவரால் எப்படி முடியும்? மூன்றாவது மறுப்பை நான் ஏற்கிறேன்: இரண்டாண்டு படித்தவர், கிடைக்கும் ஊதியத்துக்கு வட்டத் தலைநகரில் தங்கமாட்டார். இதைப் பாடத்திட்டத்தால் சரிசெய்ய இயலாது. ஆனாலும் களப்பயிற்சியின் இடத்தை மாற்றலாம். ஆசிய இதழியல் கல்லூரி, வறுமையையும் புறக்கணிப்பையும் பற்றிய செய்தியாக்கத்தைக் கட்டாயப் பாடமாக்கி மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. சென்னையிலிருந்து சில நாள் வந்து போகிறவர் நாற்றங்காலைப் பார்ப்பார், கொள்முதலைப் பார்க்கமாட்டார். நீலக்குடியில் இரண்டாண்டு இருக்கிறவருக்கு குறுவை, சம்பா, தாளடி எல்லாமே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பயிற்றுமொழி ஆங்கிலமாக இருப்பதால் மாணவர் எழுதுவதை அந்த வயலின் விவசாயி படிக்க முடியாமல் போவதுதான் அங்குள்ள குறை. பல மாநிலத்து மாணவர் பயிலும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் தவிர்க்க முடியாதது என்பது நியாயமே. ஆனால் அதனால் தமிழ் அறிந்த மாணவரின் களச் செய்தியைத் தமிழிலும் வாங்கி மதிப்பெண் இடுவதற்கு எந்தத் தடையும் வராது.

இப்படிப்பில் சேர எண்ணுகிறவர்கள் வளாகப் படப்பிடிப்புத் தளத்தைக் கண்டு முடிவெடுக்க வேண்டாம். முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதிய களச் செய்திகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவற்றில் ஓர் அரசு ஆவணமாவது மேற்கோளாகியிருந்தால் விண்ணப்பம் போடுங்கள்.