பஸ் ஸ்டாப்புக்குப் போட்ட சட்டம்

பெருங்குடியில் எங்கள் மாடியில் குடியிருக்கும் சட்டக் கல்லூரி மாணவிகள், இணைய வசவுக்கு எதிராக நம் அரசு எப்போது சட்டம் போட்டது என்று கேட்டார்கள். 1998-இல் என்றேன். நம்பவில்லை.

அந்த வருஷம் ஜூலையில் ஆட்டோவில் வந்த கும்பலின் சீண்டலால் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். ஊர் கொதித்தது. கருணாநிதி அரசு சில நாட்களிலேயே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கல்லூரி, கோயில், பஸ் ஸ்டாப், ரயில் நிலையம், சினிமா தியேட்டர், பூங்கா, கடற்கரை என்று அடுக்கிவிட்டு, வேறு எந்த இடமானாலும் என்று நான்காம் பிரிவில் எழுதிவைத்தார்கள். 2002-இல் பெயர் மாறி, பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆனது. ஃபேஸ்புக் வந்து சேர்ந்ததும் ‘வேறு எந்த இடமானாலும்’ என்ற அந்த வரிக்குள்தான்.

2018 ஏப்ரல் 17 அன்று ராஜ்பவன் செய்தியாளர் சந்திப்பில், கேள்வி கேட்ட ‘தி வீக்’ நிருபர் லட்சுமி சுப்பிரமணியனின் கன்னத்தில் ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தட்டினார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். அதையொட்டி நடிகரும் பா.ஜ.க. பிரமுகருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றைப் பகிர்ந்தார். அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்று செய்தி கொடுத்த பெண்களோடு வேலை பார்த்தவள் நான். அவர்களுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும்.

புகார் வந்ததும் போலீஸ் வழக்குப் பதிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகளோடு பஸ் ஸ்டாப்புக்குப் போட்ட அந்த நான்காம் பிரிவும் அதில் இருந்தது. படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார் சேகர். மே 10 அன்று நீதிபதி எஸ்.ராமதிலகம் முன்ஜாமீன் மறுத்தார். ஒரு பதிவைப் பகிர்வது அதை ஆமோதிப்பதற்குச் சமம் என்றார். அதன் பிறகும் கைது இல்லை. ஜூன் 20 அன்று அவரே எழும்பூர் கோர்ட்டுக்கு வந்து ஜாமீன் வாங்கிக்கொண்டு போனார்.

அரசு என்ன செய்தது என்று கேட்டால், நான் காட்டுவது இந்த நாற்பது நாளைத்தான். சட்டம் இருந்தது, நீதிபதியும் தயங்கவில்லை. போய்ப் பிடிக்கத்தான் யாருமில்லை.

வழக்கை ரத்து செய்யச் சொன்ன மனுவை 2023 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தள்ளினார். 2024 பிப்ரவரி 19 அன்று சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரி 2 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே மாதம் சட்டமன்றம் 1998 சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது.

கூட்டியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் யுனெஸ்கோ ஆய்வில் பதில் சொன்ன பெண் பத்திரிகையாளர்களில் 73 சதவீதம் பேர் இணைய வன்முறையைச் சந்தித்தவர்கள். அவர்களில் எத்தனை பேரால் ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடக்க முடியும்? ஒரு பெண் நிருபர் ஸ்கிரீன்ஷாட்டோடு ஸ்டேஷனுக்குப் போனால், அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போடட்டும். ஆள் எவ்வளவு பெரிய புள்ளியானாலும் அந்த வாரமே கூப்பிட்டு விசாரிக்கட்டும். 1998 சட்டமே அதற்குப் போதும்.