மேகோம் நீதிமன்றமும் கமுதி வழக்கும்

தோற்றுப்போகும் ஒரு வழக்கைச் சொல்லும் படம் அறுபது ஆண்டு தாண்டியும் மக்களைக் கட்டிப்போடுகிறது. ராபர்ட் மல்லிகன் இயக்கிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1962) படத்தைச் சொல்கிறேன். 1930-களின் அலபாமாவில், மேகோம் என்ற கற்பனை ஊரில், வெள்ளைக்காரப் பெண்ணை வன்புணர்ந்ததாகக் கறுப்பினத்தவரான டாம் ராபின்சன் மீது பழி. அவருக்காக வாதாடும் அட்டிகஸ் ஃபின்ச்சாக கிரிகரி பெக்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் வட்டாரத்திலேயே ஒரு வழக்கு உண்டு. 1897 மே மாதம் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தினர் சிலர், இருளப்ப நாடார் தலைமையில், கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். தீட்டுக் கழிக்க 2,500 ரூபாய் கேட்டார். விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்றவரும் இவரே. நல்லவர்களையும் வழக்கம் எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தீர்ப்பு வருமுன்பே, 1899 ஜூன் 6 அன்று, இதே கோயில் நுழைவுப் பிரச்சினையில் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. அடுத்த மாதம் மதுரை சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்த்தது. 1901-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தன.

படத்தில் அட்டிகஸ் ஒரு கண்ணாடிக் குவளையை டாமை நோக்கி வீசுகிறார். டாம் வலது கையால் பிடிக்கிறார். அவருடைய இடது கை விளங்காது. பெண்ணை அடித்தவனோ இடது கைக்காரன். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் உண்மை விளங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்று டாம் சொன்னதும் அரசு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்கிறார். வெள்ளைக்காரியைப் பார்த்து ஒரு கறுப்பர் பரிதாபப்படுவதா? தண்டனை அங்கேயே உறுதியாகிவிடுகிறது. கமுதியிலும் நடந்தது என்ன என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. உள்ளே நுழைந்த கால்கள் யாருடையவை என்பதுதான் கேள்வி. இரண்டு இடத்திலும் நீதிமன்றம் காத்தது வழக்கத்தை.

ஆனால் மேகோமில் கறுப்பின மக்கள் மாடத்தில் அமர்ந்து பார்க்கிறார்கள். அட்டிகஸ் வெளியேறும்போது எழுந்து நிற்கிறார்கள். மனத்தை உலுக்கும் காட்சிதான். இருந்தாலும் வழக்கில் அவர்கள் பேசுவதில்லை. கமுதிக்காரர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே லண்டன் வரை கொண்டுபோனார்கள். விருதுநகரில் அதற்கு முன்பே, 1889-இல், வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டி சத்திரிய வித்தியாசாலை நடத்தத் தொடங்கியிருந்த சமூகம் அது.

அந்தப் பள்ளிப் பெயரிலேயே கமுதி வாதத்தின் பலவீனமும் இருக்கிறது. நாங்கள் சத்திரியர், ஆகவே எங்களை உள்ளே விடுங்கள் என்றார்கள். தமக்கும் கீழே நிறுத்தப்பட்டிருந்தவர்களுக்கு அந்த வாதத்தில் இடமில்லை. டாமின் தரப்பு குலம் பேசவில்லை. செய்யாத குற்றத்தைச் செய்யவில்லை என்றது, அவ்வளவே. இங்கே படம் கமுதியைவிட உயர்ந்து நிற்கிறது. அது நிலைத்ததற்கும் இதையே முதற்காரணமாகச் சொல்வேன்.

டாமின் கதை துப்பாக்கிச் சூட்டில் முடிந்துவிடுகிறது. கமுதிக்கு மேலும் ஒரு பாகம் உண்டு. 1939 ஜூலை 8 அன்று, கோயில் நுழைவுக்காகப் போராடிய வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர்களில் கக்கன் முதலிய ஆதிதிராவிடர்களோடு விருதுநகர் நகராட்சி உறுப்பினர் சண்முக நாடாரும் இருந்தார். யாரும் சத்திரியர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கமுதி வழக்கைப் படமாக்க நினைப்பவர் 1908-இல் கதையை நிறுத்திவிடக் கூடாது.