ஒரு சிப்பாயின் கேள்வியும் ஸ்ட்ராஸின் ஒபோ இசையும்

மேற்கத்தேய இசைக்குழு மேடையில் அமர்ந்ததும் முதலில் ஒலிப்பது பெரும்பாலும் ஒபோவே. அது தரும் சுருதிக்கே ஏனைய வாத்தியங்கள் தம்மைச் சேர்த்துக்கொள்கின்றன. நாதஸ்வரத்தின் சீவாளியை அறிந்த எம்மவர்க்கு இக்கருவி முற்றிலும் அந்நியமானதல்ல. இரு மெல்லிய நாணல் தகடுகளுக்கிடையே காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும் அதே முறைதான். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையைச் சார்ந்த கலைஞர்கள், திறந்தவெளியில் முழங்கிய ஷோம் என்னும் பழைய குழலை உள்ளரங்குக்கு ஏற்பத் திருத்தியதால் ஒபோ பிறந்தது.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் பெரும் இசையமைப்பாளர்கள் இதனைத் தனிவாத்தியமாக முன்னிறுத்தியது அரிது. அந்தக் குறையை நிரப்பிய படைப்பு ஒன்று, போரின் இடிபாடுகளுக்கிடையே உருவானது.

1945இல் ஜேர்மனி வீழ்ந்தபோது, முதுபெரும் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் பவேரியாவின் கார்மிஷ் நகரில் வாழ்ந்திருந்தார். 80 வயதைக் கடந்திருந்தார். அவருடைய நாடகங்கள் அரங்கேறிய மியூனிக் இசையரங்கு குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. 1933 முதல் 1935 வரை நாஜி அரசின் இசைச் சபைக்குத் தலைவராக இருந்த கறையும் அவர்மீது படிந்திருந்தது. யூத மருமகளையும் பேரர்களையும் காப்பதற்காகவே அவர் பணிந்துபோனார் என்போர் உளர். அந்த நியாயம் பிற்பகுதிக்குப் பொருந்தலாம். பதவியை ஏற்றதற்கு அது போதிய விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

அவரது இல்லத்துக்கு வந்துபோன அமெரிக்கச் சிப்பாய்களுள் ஒருவர் ஜோன் டி லான்சி. இராணுவத்தில் சேருமுன் பிற்ஸ்பேர்க் இசைக்குழுவின் தலைமை ஒபோ கலைஞராக இருந்தவர். ஸ்ட்ராஸின் படைப்புகளில் ஒபோவுக்கென அமைந்த அழகிய பகுதிகளைச் சுட்டி, அக்கருவிக்குத் தனியாக ஒரு கொன்சேர்ட்டோ எழுத எண்ணியதுண்டா என்று கேட்டார். கிடைத்த பதில் "இல்லை" என்ற ஒற்றைச் சொல். பேட்டிகளில் அத்தகைய பதில்களை நானும் பெற்றதுண்டு. அவற்றின் பின்னே எதுவும் விளைந்ததில்லை.

இங்கு விளைந்தது. அவ்வாண்டு இலையுதிர்காலத்துக்குள் கொன்சேர்ட்டோ எழுதி முடிக்கப்பட்டது. 1946 பெப்ரவரியில் சூரிச்சில் மார்செல் சைலே அதனை முதன்முதலாக வாசித்தார். தொடக்கத்திலேயே மூச்சுவாங்க இடமளிக்காது நீளும் இசை, இன்றும் ஒபோ கலைஞர்களை அச்சுறுத்துவது. கையெழுத்துப் பிரதியில், ஓர் அமெரிக்கச் சிப்பாயின் தூண்டுதலால் எழுந்தது என்று ஸ்ட்ராஸ் குறித்துவைத்தார். ஆனால் அவரைச் சிக்காகோவைச் சேர்ந்தவர் என எழுதிவிட்டார்.

அமெரிக்காவில் முதலில் வாசிக்கும் உரிமை டி லான்சிக்கே கிடைக்க வேண்டுமென ஸ்ட்ராஸ் விரும்பினார். அப்போது டி லான்சி பிலடெல்பியா இசைக்குழுவில் இளநிலைக் கலைஞர். தலைமைக் கலைஞர் மார்செல் தபுத்தோ இருக்கையில் அவர் முன்னால் வந்து வாசிப்பது மரபல்ல. எனவே 1948இல் அந்த வாய்ப்பு மிட்ச் மில்லருக்குச் சென்றது. டி லான்சி 1954இல் தலைமைக் கலைஞரானார். பிலடெல்பியா இசைக்குழுவுடன் அவர் அதனை வாசித்தது 1964இல். ஒலிப்பதிவு செய்தது 1987இல்.